சிறுநீரில் கிருமியும் செயற்கை முட்டும்

செயற்கை மூட்டு பொருத்தும் அறுவைக்கு முன் எடுக்கப்படும் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி தென்பட்டால், அறுவையைத் தள்ளிவைத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, மறுபடியும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) பார்த்து, அது சுத்தமான பிறகே புதிய நாள் குறிப்பது உலகெங்கும் நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். குமரி மாவட்டத்தில் முட்டுவலியோடு (முழங்கால் வலியோடு) பல ஆண்டுகள் காலம் தள்ளிவிட்டு, ஒருவழியாகக் காப்பீட்டு ஒப்புதல் பெற்று, துணைக்கு நிற்க மகளையோ மருமகளையோ ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஒரு முதிய பெண்ணிடம், "யூரின்ல கிருமி இருக்கு, மருந்து முடிச்சுட்டு வாங்கம்மா" என்று சொல்லப்படும்போது, அந்த ஒரு வரியால் குலைந்துபோவது ஒரு தேதி மட்டுமல்ல. நீர்க்கடுப்போ காய்ச்சலோ இல்லாதவருக்கு அந்தத் தாமதமும் அந்த மருந்தும் செயற்கை மூட்டைக் காப்பாற்றுவதில்லை என்பதைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வுகள் போதிய அளவு தெளிவாகவே காட்டிவிட்டன. ஆயினும் வழக்கம் இன்னும் பல இடங்களில் முற்றாக மாறவில்லை. ஆகவே அதன் பின்னுள்ள அச்சம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு நியாயம் உண்டு, உண்மையான ஆபத்து எந்த வழியாக வருகிறது என்பவற்றை நோயாளியின் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது.

அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962இல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் எலும்புச் சிமெண்டையும் கொண்டு இடுப்பு மாற்று அறுவையை நிலைபெறச் செய்தபோது, அவரை மிகவும் வதைத்த சிக்கல் கிருமித் தொற்றுதான். தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த அதை, அறுவைக்கூடத்துக்குள் வடிகட்டிய காற்று பாயும் தனி அறை, உடலை முழுதும் மூடும் உடுப்பு, இரட்டைக் கையுறை போன்ற ஏற்பாடுகளால் அவர் 1 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். அதுவும் முன்காப்பாக ஆன்டிபயாடிக் கொடுப்பதை நம்பாமல். இன்று முதன்முறை செய்யப்படும் முட்டு, இடுப்பு மாற்று அறுவைகளில் தொற்று ஏற்படுவது 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு. எண் சிறியதுதான், ஆனால் அந்த ஒருவருக்கு நேர்வது சிறியதன்று.

உயிருள்ள திசுவில் கிருமி நுழைந்தால் இரத்தம் அங்கே வெள்ளணுக்களையும் மருந்தையும் கொண்டுசேர்க்கிறது. உலோகத்துக்கோ பாலிஎத்திலீனுக்கோ இரத்த ஓட்டம் கிடையாது. அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் கிருமிகள், தெப்பக்குளத்துப் படியில் பாசி படர்வதுபோல அடுக்கடுக்காகப் படர்ந்து, தாமே சுரக்கும் வழுவழுப்பான போர்வைக்குள் ஒடுங்கிவிடுகின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இந்தப் போர்வைக்குள் பெருகுவதை மிகவும் குறைத்துக்கொண்டு கிடக்கும் கிருமியை, பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைக் கொல்வதற்கென்றே அமைந்த பெரும்பாலான மருந்துகளால் அழிக்க முடிவதில்லை. படலம் முதிர்ந்துவிட்டால் பொருத்திய மூட்டையே கழற்றி எடுத்து, மருந்து கலந்த சிமெண்டுத் துண்டை இடைவெளியில் வைத்து, வாரக்கணக்கில் ஊசிமருந்து கொடுத்து, தொற்று அடங்கிய பிறகு இன்னொரு மூட்டைப் பொருத்த வேண்டியிருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டுக்கான கோபால்ட்-குரோமியச் சாதனத்தின் விலையை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கட்டுப்படுத்தியதாலும், தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தாலும் முதல் அறுவை எளிய குடும்பங்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. தொற்று வந்த மூட்டைச் சரிசெய்யும் வழியோ பணத்தாலும் காலத்தாலும் வலியாலும் இன்னமும் கடினமானதாகவே இருக்கிறது.

சிறுநீர் இந்தக் கதைக்குள் நுழைந்தது 1970களில். நன்றாக நடந்துகொண்டிருந்த நோயாளிகள் சிலருக்கு, அறுவை முடிந்து நாளான பிறகு கடுமையான சிறுநீர்த் தொற்று வந்து, அதைத் தொடர்ந்து செயற்கை மூட்டில் சீழ் பிடித்ததாக மருத்துவ இதழ்களில் தனித்தனிக் குறிப்புகள் வெளிவந்தன. உடலின் ஓரிடத்திலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து வேறோரிடத்தில் தங்குவது மருத்துவம் நன்கறிந்த உண்மையாதலால், சிறுநீர்ப்பையில் இருக்கும் எந்தக் கிருமியும் அறுவை நாளில் முட்டை நோக்கிப் பயணப்படும் என்ற முடிவுக்கு வருவது எளிதாக இருந்தது. காய்ச்சலும் நடுக்கமும் கொண்ட நோயாளிகளிடம் கண்ட ஒன்றை, எந்தத் தொல்லையும் இல்லாமல் நடமாடும் நோயாளிகளுக்கும் நீட்டிப் பொருத்தியதுதான் பிழை.

சிறுநீரில் கிருமி இருப்பதும் சிறுநீர்த் தொற்று இருப்பதும் வேறுவேறு நிலைகள். எரிச்சல், அடிக்கடி நீர் போதல், அடிவயிற்று வலி, இடுப்புக்கு மேலே விலாப்பக்க வலி, குளிர்க்காய்ச்சல் ஆகியவற்றோடு கிருமி இருந்தால் அது தொற்று, அதாவது நோய். இவற்றில் எதுவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி வளர்ந்தால் அது அறிகுறியற்ற கிருமி நிலை. அங்கே கிருமி குடியிருக்கிறதே தவிரத் திசுவைத் தாக்கவில்லை. ஒரு மில்லிலிட்டரில் 1,00,000 கிருமிக் கூட்டங்கள் என்னும் அளவுகோலை 1956இல் பாஸ்டனின் எட்வர்ட் காஸ் முன்வைத்தது, உண்மையாகவே சிறுநீரில் உள்ள கிருமியையும் சேகரிக்கும்போது வெளியிலிருந்து கலந்துவிட்ட கிருமியையும் பிரித்தறிவதற்காக. அந்த எண்ணைத் தாண்டினாலே மருந்து வேண்டும் என்பது பின்னாளில் அதன்மேல் ஏற்றப்பட்ட பொருள்.

முதுமையில் இந்நிலை மிகச் சாதாரணமானது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், பிறப்புறுப்பைக் காத்துவந்த நல்ல கிருமிகள் தேய்ந்து, குடலைச் சேர்ந்த ஈ.கோலை போன்றவை அங்கே இடம்பிடிக்கின்றன. பல பிள்ளைப்பேறுகளால் கருப்பை இறங்கிய பெண்களுக்குச் சிறுநீர் முழுதும் வெளியேறாமல் கொஞ்சம் தேங்குகிறது. சர்க்கரை நோயும் தன் பங்குக்கு நரம்பையும் நோயெதிர்ப்பையும் தளர்த்துகிறது. முட்டு மாற்று அறுவைக்கு வரும் பெண்ணுக்கு இம்மூன்றும் ஒருசேர இருப்பது வியப்புக்குரியதன்று.

குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுவைக்கு முந்தைய பேச்சில் அது அரிதாகவே இடம்பெறுகிறது. முட்டுத் தேய்ந்த பெண்ணுக்குக் குத்தவைத்து உட்காரும் கழிப்பறை ஒரு தண்டனை. உட்கார்வதைவிட எழுவது கடினம். சுவரைப் பிடித்தோ வாளியின் விளிம்பில் கையூன்றியோ எழவேண்டிய நிலையில், ஒரு நாளைக்கு எத்தனை முறை அங்கே போவது என்பதை அவரே குறைத்துக்கொள்கிறார். அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார், வந்ததை அடக்கியும் வைக்கிறார். அண்டி ஆபீசில் காலை முதல் குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர்களும், கடற்கரை ஊர்களிலிருந்து மீன் சுமந்து ஊர் ஊராய் நடந்தவர்களும், வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிந்தவர்களும் தம் வேலைக்காலம் முழுவதும், ஒதுங்க இடமில்லாத காரணத்தால், இந்த அடக்கத்தை முன்பே பழகியவர்கள். ஆக, முட்டைத் தேய்த்த அதே வாழ்க்கை சிறுநீரையும் தேக்கி வைக்கிறது. அறுவைக்கு நாள் குறித்த அன்றே வீட்டில் ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போட்டு, தாராளமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வது பல மாத்திரைப் பட்டைகளைவிடப் பயனுள்ள சிகிச்சையாகலாம் என்று கருத இடமுண்டு. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் இளம்பெண்களிடம் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாள்தோறும் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. இதயம் அல்லது சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவரைக் கேட்டே கூட்டவேண்டும்.

அறிகுறியற்ற கிருமி நிலை செயற்கை மூட்டைக் கெடுக்கிறதா என்ற கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வுகளுள் முக்கியமானது, போர்ச்சுகலின் ரிக்கார்டோ சூசாவும் பிற ஐரோப்பிய மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்களும் 2014இல் வெளியிட்டது. இடுப்பு அல்லது முட்டு மாற்று அறுவை செய்துகொண்ட 2,497 பேரின் சிறுநீரை அறுவைக்கு முன் பரிசோதித்து, ஓராண்டு தொடர்ந்து கவனித்ததில், அறிகுறியில்லாமல் கிருமி இருந்தவர்கள் 12.1 விழுக்காடு, பெண்களை மட்டும் எடுத்தால் அது 16.3 விழுக்காடு. மூட்டில் தொற்று வந்தவர்கள், சிறுநீரில் கிருமி இருந்தோரில் 4.3 விழுக்காடு, இல்லாதோரில் 1.4 விழுக்காடு. இந்த இரண்டு எண்களோடு படிப்பதை நிறுத்துபவர், பழைய வழக்கம் சரிதான் என்றே முடிவு செய்வார். ஆனால் கிருமி இருந்தவர்களுள் ஆன்டிபயாடிக் பெற்றோரிடம் மூட்டுத் தொற்று 3.9 விழுக்காடு, பெறாதோரிடம் 4.7 விழுக்காடு, புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. அதைவிட முக்கியமாக, தொற்று வந்த மூட்டுகளில் கண்ட கிருமிகள் அதே நோயாளிகளின் சிறுநீரில் முன்பு கண்ட கிருமிகளோடு ஒத்துப்போகவில்லை.

இதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்துகிறது. சிறுநீர்க் கிருமி மூட்டுத் தொற்றுக்குக் காரணமாக அல்லாமல், தொற்றுக்கு ஆளாகக்கூடிய தளர்ந்த உடலின் அடையாளமாக நிற்கிறது. சர்க்கரை, உடல் பருமன், முதுமை ஆகியவை ஒரே உடலில் சிறுநீரிலும் கிருமியை வைக்கின்றன, அறுவைப் புண்ணையும் ஆற விடாமல் செய்கின்றன. அடையாளத்தை மருந்தால் அழித்துவிட்டால் தளர்ச்சி போய்விடாது. ஸ்பெயினில் இடுப்பு அறுவையில் செய்யப்பட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. கனடாவின் டொராண்டோவில் ஒரு பெரிய மூட்டு மாற்று மையம் அறுவைக்கு முன் எல்லோருக்கும் கல்ச்சர் எடுக்கும் வழக்கத்தையே நிறுத்திப் பார்த்தபோது மூட்டுத் தொற்று கூடவில்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிறுநீர்ப்பாதை சாராத, அவசரமற்ற அறுவைகளுக்கு முன் அறிகுறியற்ற கிருமியைத் தேடவும் வேண்டாம், கண்டால் மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கருவுற்ற பெண்களும், சவ்வு கிழிபடக்கூடிய புராஸ்டேட் போன்ற சிறுநீர்ப்பாதை அறுவைக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கு. அவர்களுக்குத் தேடிப் பார்த்து மருந்து கொடுக்கவே வேண்டும்.

பரிசோதனையின் நம்பகத்தன்மையையும் இங்கே கவனிக்க வேண்டும். கழுவிச் சுத்தம் செய்து, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது அல்லது குளிர்ப்பெட்டியில் வைப்பது முறை. முட்டு மடங்காத பெண்ணால் டப்பாவை இடையில் நீட்டி நடுப்பகுதியைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை யாரும் அவரிடம் கேட்பதில்லை. உகந்த சூழலில் ஈ.கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். விளவங்கோட்டின் மலையோரக் கிராமம் ஒன்றில் விடியற்காலையில் பிடித்த சிறுநீர், கைப்பைக்குள் பஸ்ஸில் வெயிலோடு பயணம் செய்து நாகர்கோவில் ஆய்வகத்தை அடையும்போது, அது உடலின் நிலையைக் காட்டுகிறதா பயணத்தின் நிலையைக் காட்டுகிறதா என்று சொல்வது எளிதன்று. அறிக்கையில் எபிதீலியல் செல்கள் மிகுதியாக இருந்தாலோ, பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தாலோ, மாதிரி கெட்டுப்போனதாகக் கொண்டு மறுபடி எடுப்பதே தகும். சீழணுக்கள், அதாவது "பஸ் செல்ஸ்", பத்தோ இருபதோ என்று எழுதியிருப்பதைக் கண்டு பலரும் பதறுகிறார்கள். அறிகுறியற்ற நிலையிலும் முதியோரிடம் அவை காணப்படும் என்பதால் அந்த எண் மட்டும் நோயை நிறுவாது.

தேவையற்ற மருந்து வெறும் வீண்செலவோடு முடிந்துவிட்டால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் மருத்துவமனைகளில் கண்டெடுக்கப்படும் ஈ.கோலையில் பெரும்பான்மை, சிப்ரோஃப்ளாக்ஸசின் வகைக்கும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களுக்கும் அடங்காதவை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து பதிவுசெய்கின்றன. அறிகுறியற்றவருக்கு ஒரு வாரம் மாத்திரை கொடுத்தால் எளிதில் அடங்கும் கிருமிகள் அழிந்து, அடங்காதவை அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அடுத்த கல்ச்சரில் வளர்வது ஊசிமருந்துக்கு மட்டுமே கட்டுப்படும் ஒன்றாக இருக்கிறது. அதைக் காரணம் காட்டி அறுவை இன்னும் தள்ளிப்போகிறது. பின்னொரு நாள் உண்மையான தொற்று வரும்போது கைவசம் மருந்து இருக்காது. மருத்துவர் சீட்டில்லாமல் சிலவகை ஆன்டிபயாடிக்குகளை விற்கக்கூடாதென எச்1 அட்டவணை விதி 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அண்டையிலுள்ள கேரளம் 2018இல் மருந்தெதிர்ப்புக்கெனத் தனிச் செயல்திட்டமே வகுத்துக்கொண்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும், நீர்க்கடுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் நேரே கேட்டு மூன்று மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தைக் கைவிட்டால்தான் அறுவைக்கு வரும் முதியவருக்கு மருந்து மிச்சமிருக்கும்.

அறிகுறி இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. எரிச்சலோ காய்ச்சலோ உள்ளவருக்குக் கல்ச்சர் எடுத்து, உரிய மருந்தை முழுதும் கொடுத்து, தொல்லை தீர்ந்த பிறகே மூட்டில் கைவைக்க வேண்டும். அங்கே தள்ளிவைப்பது கட்டாயம். இதனால் நோயாளியின் பொறுப்பும் கூடுகிறது. அறுவை தள்ளிப்போய்விடுமோ என்ற பயத்தில் நீர்க்கடுப்பை மறைப்பது மிகப் பெரிய தவறு. ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறவர்கள் செவிலியரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

சிறுநீர்ப் பாதையிலிருந்து வரும் ஆபத்தில் குறைக்கக்கூடிய பெரும்பகுதி அறுவைக்குப் பிறகு வைக்கப்படும் குழாயில் இருக்கிறது. முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசியால் சிறுநீர்ப்பையின் உணர்வு சில மணி நேரம் மரத்துப்போவதாலும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு நீர் அடைத்துக்கொள்வதாலும் கதீட்டர் தேவைப்படலாம். ஆனால் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது. அக்குழாயின் சுவரிலும் அதே உயிர்ப்படலம்தான் படர்கிறது. நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியதும் அதை எடுத்துவிடுவதே நல்லது. படுக்கையிலிருந்து தூக்கி விடும் வேலை மிச்சம் என்று அது கூடுதலாகச் சில நாள் கிடந்துவிடுவதுண்டு, "குழாயை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்கும் உரிமை துணைக்கு நிற்பவருக்கு உண்டு, கேட்கவும் வேண்டும்.

மூட்டுக்குள் கிருமி பெரும்பாலும் நுழைவது தோலின் வழியே. செயற்கை மூட்டுத் தொற்றுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காரணம் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள். பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரின் மூக்கில் அவற்றுள் கொடிய ஆரியஸ் தங்கியிருக்கிறது. எனவே கவலையைச் செலவிட வேண்டிய இடங்கள் வேறு: மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 7.5 அல்லது 8க்குக் கீழ் வந்திருக்கிறதா, சொத்தைப் பல்லில் சீழ் இருக்கிறதா, அறுவைக்குக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முன்காப்பு ஆன்டிபயாடிக்கான செஃபசோலின் ஊசி போடப்படுகிறதா என்பவை. கால்விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது இந்த மாவட்டத்தில் தனியே வற்புறுத்தத் தக்கது. வயல் சேற்றிலும் ஈரத்திலும் நின்ற கால்களில் சேற்றுப்புண்ணும் குதிகால் வெடிப்பும் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும், அவை ஒவ்வொன்றும் கிருமிக்கு ஒரு வாசல். செருப்பு, காய்ந்த துணி, பூஞ்சைக் களிம்பு ஆகியவற்றால் சில வாரங்களில் அடைத்துவிடக்கூடிய வாசல் அது.

கிருமியின் வாசலை மருந்தில்லாமலே அடைக்கும் கண்டிப்பு இந்த மாவட்டத்துக்குப் புதிதன்று. எவரெஸ்ட் மலைக்கு 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் சென்ற குழுக்களில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல், லண்டன் மிஷன் சார்பில் நெய்யூர் மருத்துவமனையில் குடற்புண்ணுக்கு ஆயிரக்கணக்கில் வயிற்றைத் திறந்து தைத்த காலத்தின் பெரும்பகுதியில் பென்சிலின் நடைமுறைக்கே வந்திருக்கவில்லை. கொதிக்கவைத்த கருவிகளும் தேய்த்துக் கழுவிய கைகளுமே அன்று காவல். அந்தக் கண்டிப்பின் இடத்தை எந்த மாத்திரையாலும் நிரப்ப இயலாது என்பதற்குக் குமரி மாவட்டத்தின் மருத்துவ வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

அறுவை நன்றாக முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் இரத்தவழித் தொற்றுக்கான வாய்ப்பு முற்றும் நீங்குவதில்லை. ஆரியஸ் இரத்தத்தில் கலந்தவர்களுள், செயற்கை மூட்டு உள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூட்டிலும் தொற்று வந்ததை ஓர் ஆய்வு கண்டது. கடுமையான சிறுநீர்த் தொற்றோ காலில் சீழ்க்கட்டியோ குளிர்க்காய்ச்சலோடு வந்து, அதுவரை நன்றாக இருந்த முட்டு திடீரென வீங்கிச் சூடாகி மடக்க முடியாமல் போனால், அதை வாதமென்றோ சுளுக்கென்றோ எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தொல்லை தொடங்கி மூன்று வாரத்துக்குள், உயிர்ப்படலம் முதிரும் முன்பே, முட்டைத் திறந்து கழுவி நடுவிலுள்ள பாலிஎத்திலீன் தகட்டை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. காலம் கடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். நோயாளியின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, ஊசியால் முட்டு நீரை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பிய பிறகே ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும். முன்கூட்டியே ஊர் மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட இரண்டு மாத்திரை எந்தக் கிருமி என்ற தடயத்தையே அழித்துவிடும். பக்கத்து மருத்துவரிடம் காய்ச்சலுக்குப் போனாலும், முட்டில் செயற்கை மூட்டு இருப்பதையும் அது எந்த ஆண்டு பொருத்தப்பட்டது என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுவது, அறுவைச் சீட்டைத் தொலைத்துவிட்டவர்களாலும் செய்யக்கூடியது.